வளர்த்தவளின் ஏக்கத்தை எவ்வளவு எழுதலாம்?

கேள்வி:
சேன் தெனியில் வசிக்கும் நான், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரெயூனியன் தீவிலிருந்து 1962 முதல் 1984 வரை பிரான்சுக்கு அரசால் அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு குறுநாவல் எழுதிவருகிறேன். நடு பிரான்சில் உள்ள க்ரூஸ் மாவட்டத்துப் பண்ணை வீடொன்றில், மணமாகி நெடுநாளாகியும் பிள்ளைப்பேறு வாய்க்காத ஒருத்திதான் கதையின் மையம். தீவின் சேன் ஆந்த்ரே ஊரிலிருந்து ஒரு மலபார்ச் சிறுமி (தமிழ் வம்சாவளியினரை அங்கே மலபார் என்பார்கள்) அவளிடம் வந்து சேர்கிறாள். அவளுடைய ஏக்கத்தை மனமொன்றி எழுதினால் நடந்த அநீதி மங்குகிறது. அநீதியை முன்னிறுத்தினால் அவள் கொடுமைக்காரி ஆகிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அவள் நல்லவளாகவே இருக்கட்டும், ஐயா. அநீதி அவள் மனத்தில் இல்லை, தாளில் இருக்கிறது. தீவில் மக்கள் பெருகிவிட்டார்கள், பிரான்சின் நாட்டுப்புறமோ ஆளின்றி வெறிச்சோடுகிறது என்று கணக்குப் போட்டது அரசு. 1963-இல் ரெயூனியனின் மக்களவை உறுப்பினரான மிஷேல் தெப்ரே அந்தக் கொள்கையை முன்னின்று நடத்தினார். பிள்ளை படித்துவிட்டு விடுமுறைக்கு வரும் என்று நம்பி, எழுத்தறியாத பெற்றோர் பலர் கைநாட்டு வைத்தார்கள். க்ரூஸ் மாட்டுப் பண்ணைகள் நிறைந்த பகுதி என்பதால் ஒரு காட்சி தோன்றுகிறது: வளர்ப்புத் தாய் ஆசையாகச் சமைத்த கன்றிறைச்சியைக் இந்துக் கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை தொடாமல் தட்டை நகர்த்துகிறாள், தன்னைத் தாயாக ஏற்க மறுக்கிறாள் என்றே இவள் எண்ணிக்கொள்கிறாள். இருவர் மீதும் குற்றமில்லை, ஆனால் வாசகருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

மறுமொழி 2:
காட்சி நன்று, ஆனால் சிறுமிக்கு ஏழெட்டு வயதாவது இருக்கவேண்டும், மூன்று வயதுப் பிள்ளை கொடுத்ததைத் தின்றுவிடும். அவள் வாயில் தமிழ்த் தாலாட்டைப் போட்டுவிடாதீர்கள். அவள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல், தமிழ் என்றால் கோயிலில் காதில் விழுந்ததுதான். இன்னொன்று: அனுப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் மகளிடம், மகனிடம் காட்டும் அன்பு கிடைத்துவிடவில்லை. சிலர் சம்பளமில்லாப் பண்ணையாட்களாக உழைத்தார்கள், உடன்பிறந்தவர்களும் பிரிக்கப்பட்டார்கள். ஆகவே பக்கத்துப் பண்ணையில் சாணி அள்ளும் ஒரு ரெயூனியன் பையனையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். இவள் அவனைப் பார்த்தும் பேசாமல் இருப்பது அவளுடைய பங்கைச் சொல்லும். முழுக்க நல்லவள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 3:
மகளும் பெற்ற தாயும் விமான நிலையத்தில் கட்டித் தழுவுவதாகக் கதையை முடிக்கவேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். கிரியோல் மறந்துபோன மகளும் பிரெஞ்சு சரளமாக வராத தாயும் எதைப் பேசுவார்கள்? பிரெஞ்சு மக்களவை தன் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது 2014 பிப்ரவரியில்தான். அதற்குள் வளர்த்தவளும் கிழவியாகியிருப்பாள். "உங்களுக்குத் தெரியுமா, அம்மா?" என்று மகள் அப்போது அவளைக் கேட்கலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சிறுமியை எட்டு வயதினளாக்கிவிட்டேன். பக்கத்துப் பண்ணைப் பையனுக்காக இரண்டாம் அத்தியாயத்தை மீண்டும் எழுதவேண்டியிருக்கிறது. வளர்த்தவளுக்கு அது பிடிக்காது.