பிரிந்த பின் குழந்தைக்கான பராமரிப்புத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி (மயூர் விஹார், தில்லி):
நானும் கணவரும் எட்டு மாதங்களாகப் பிரிந்து வாழ்கிறோம். ஏழு வயது மகன் என்னோடு இருக்கிறான். பிடித்தம் போக எனக்கு மாதம் 60,000 ரூபாயும் அவருக்கு 1,20,000 ரூபாயும் கைக்கு வருகின்றன. "நீயும்தான் சம்பாதிக்கிறாயே, 8,000 போதாதா?" என்கிறார். சம்பளத்தில் 25 விழுக்காடு என்று சட்டமே இருப்பதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். அது உண்மையா? பள்ளிக் கட்டணமும் வேன் கட்டணமும் போதாதென்று, தீபாவளி கழிந்து காற்று கெட்டுப்போகும் மாதங்களில் மகனுக்கு மூச்சிரைப்பு வந்துவிடுகிறது; நெபுலைசர் மருந்துக்கே தனியாக எடுத்து வைக்கிறேன்.

பதில் (வழக்கறிஞர், துவாரகா):
சகோதரி, நம் நாட்டில் அப்படி ஒரு நிலையான விகிதம் சட்டத்தில் கிடையாது. அந்த 25 விழுக்காடு, 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மனைவியின் ஜீவனாம்ச வழக்கில் நியாயமானது என்று கூறிய அளவு. குழந்தைக்கான சூத்திரம் அன்று. தில்லி உயர் நீதிமன்றம் 2004-இல் குடும்ப வருமானத்தைப் பங்குகளாகப் பிரித்து, சம்பாதிக்கும் கணவருக்கு இரண்டும் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்றும் என்று கணக்கிட்டது. இங்கே பலர் அதை மேற்கோள் காட்டுவார்கள்.

இருவரும் சம்பாதிக்கும் உங்கள் நிலைக்குப் பொருந்துவது, பெற்றோர் இருவரும் தத்தம் சம்பள விகிதப்படி குழந்தையின் செலவை ஏற்க வேண்டும் என்ற 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கிலும் விகிதம் 2:1 தான். மகனுக்கு மாதம் 30,000 ஆகிறது என்று நீங்கள் காட்ட முடிந்தால், அவர் பங்கு 20,000. வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றைக் கழிக்க அனுமதிப்பார்கள். அவராக வாங்கிய கார் கடனின் தவணையைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்துவிடுவது எளிதன்று.

பதில் (ஆர்.கே.புரம்):
நான் இதைக் கடந்து வந்தவள் என்பதால் சொல்கிறேன்: செலவை எழுதி வையுங்கள் அம்மா. 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். என்னிடம் பள்ளி ரசீதுகள் மட்டுமே இருந்தன. மருந்துச் சீட்டுகளையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறிதாகிப்போகும் ஷூவின் பில்லையும் நான் வைக்கவில்லை. வைக்காத செலவு கணக்கில் ஏறவே இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. பேசித் தீர்க்கலாம் என்று இன்னும் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தால் ஏதேனும் இழப்பு உண்டா?

பதில் (வழக்கறிஞர், துவாரகா):
உண்டு. பராமரிப்புத் தொகை மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும் என்பதும் அதே 2020 தீர்ப்புதான். பொறுத்திருந்த மாதங்கள் அதில் சேரா. பராமரிப்புத் தொகை கேட்பதற்கான, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாகியுள்ளது. அதன்கீழ் மனுவைப் போட்டு, இடைக்காலத் தொகையையும் அதிலேயே கேளுங்கள். பேச்சுவார்த்தை அதன் போக்கில் நடக்கட்டும். சமரசம் ஏற்பட்டால், ஆண்டுதோறும் தொகை எவ்வளவு உயரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மகன் ஏழாம் வகுப்புக்குப் போகும்போதும் இரண்டாம் வகுப்புக் கட்டணம் இருக்காது.