கார்த்தியின் எக்ஸ்பாக்ஸும் ஞாயிற்றுக்கிழமைத் திதியும்

குழு: தாத்தா வீடு, ரங்கூன்
வெள்ளிக்கிழமை இரவு

வள்ளி: செல்வம் இருக்கிறாயா? கார்த்தி நாளைக் காலையில் எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறானாம். தட்டு போடுகிற டிரைவில் இருக்கிற சிப்பில் ஓட்டை போட்டால் காப்பி டிவிடி எல்லாம் ஓடுமாம். ஓட்டை போட்டால் எப்படிடா ஓடும்? நீ கொடுத்த பொருள், நீயே சொல்லு.

வள்ளி: ஞாயிற்றுக்கிழமை அப்பா திதி வேறு. இதற்கு நடுவில் இவன்.

சரசு அத்தை: திதிக்கு எத்தனை பேர்

கார்த்தி: எதற்கு அம்மா குழுவில் போட்டாய் 😩

செல்வம்: நான் கொடுத்தது எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்லிம். உள்ளே டிரைவ் எந்தக் கம்பெனி, லைட்ஆனா, ஹிட்டாச்சியா? கடைக்காரர் திறந்து பார்த்தாரா?

கார்த்தி: லைட்ஆன் மாமா. மாடல் டிஜி-16டி4எஸ். அவர் நிறைய செய்திருக்கிறாராம். பத்து நிமிட வேலைதானாம்.

மீனா: பத்து நிமிடம் 😂

சரசு அத்தை: முப்பது பேர் என்றால் பெரிய அண்டா வேண்டும்

செல்வம்: அக்கா, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், கார்த்தியும் முழுசாகப் படிக்கட்டும். டிரைவுக்குள் ஒரு சிறிய போர்டு இருக்கிறது, அதில் ஒரு கறுப்புச் சிப். அந்த ஒரே உறைக்குள் டிரைவை ஓட்டுகிற மூளையும் இருக்கிறது, அதன் மென்பொருளை வைத்திருக்கிற நினைவகமும் இருக்கிறது. பழைய 360-களில் அந்த மென்பொருளை மாற்றி எழுத முடிந்தது. மாற்றிவிட்டால், எழுதின டிவிடியைப் போட்டாலும் இது அசல் தட்டுதான் என்று டிரைவே மெஷினின் பெரிய போர்டான மதர்போர்டுக்குப் பொய் சொல்லும். 2010-இல் வந்த ஸ்லிம்மில் அதைத் தடுக்க நினைவகத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டு வெளியே இல்லை, உறைக்குள் ஓடுகிற ஒரு மெல்லிய கம்பி. அதை அறுக்கத்தான் மேலிருந்து துளை போடுவது. இந்த முறைக்கே காமிகாசி என்றுதான் பெயர் வைத்தார்கள். தற்கொலைப் படை விமானிகளின் பெயர். கண்டுபிடித்தவர்களுக்கே ஆபத்து தெரிந்திருக்கிறது.

ராஜா அண்ணன்: டேய் செல்வம், சும்மா பயமுறுத்தாதே. இங்கே சென்னை பர்மா பஜாரில் பிளேஸ்டேஷன் வந்த காலத்தில் எத்தனை சிப் போட்டிருப்போம். ஒன்றும் ஆகவில்லை.

வள்ளி: அண்ணா நீங்கள் வேறு

கார்த்தி: ராஜா மாமா 🙌

செல்வம்: அண்ணா, அது வேறு, இது வேறு. முதல் பிளேஸ்டேஷனில் அசல் தட்டின் உள்வட்டத்தில் ஒரு நெளிவு வைத்திருந்தார்கள், வீட்டில் எழுதுகிற சிடியில் அதைக் கொண்டுவர முடியாது. நீங்கள் போட்ட சிப் அந்த நெளிவிலிருந்து வரவேண்டிய குறியீட்டைத் தானே அனுப்பும், அவ்வளவுதான். சில கம்பிகளைப் பற்றவைத்தீர்கள். சரியாக வரவில்லை என்றால் கம்பியை எடுத்துவிட்டால் மெஷின் பழையபடி ஆகிவிடும். இங்கே எதையும் சேர்க்கவில்லை, இருப்பதைத் துளைக்கிறார்கள். துளைத்ததைத் திரும்ப அடைக்க முடியாது.

ராஜா அண்ணன்: அதிலும் இரண்டொன்று புகைந்தது உண்மைதான். அது தம்பி கைவேலை.

சரசு அத்தை: அண்டா ராஜா வீட்டில்தானே இருக்கிறது. அண்ணன் கப்பலில் கொண்டுபோனது

ராஜா அண்ணன்: அத்தை, மறுபடியுமா. அந்த அண்டா சென்னைக்கு வரவே இல்லை. 1964-இல் நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது ரங்கூன் துறைமுகத்தில் பெண்களின் தாலியைக்கூடக் கழற்றி வாங்கினார்கள் என்று அப்பா சாகிறவரைக்கும் சொன்னார். அண்டாவையா விட்டிருப்பார்கள்?

சரசு அத்தை: அப்படியானால் எங்கே போயிற்று

மீனா: பாட்டி, கோவிலில் பாத்திரம் கேட்டுப் பார்க்கிறேன்

சரசு அத்தை: நம் வீட்டு அண்டா இருக்கும்போது கோவில் பாத்திரம் எதற்கு

வள்ளி: அத்தை, நாளைக்குப் பேசலாம். செல்வம், ஓட்டை தப்பானால் என்ன ஆகும்? வேறு டிரைவ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் இல்லையா?

செல்வம்: அங்கேதான் அக்கா சிக்கல். ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் ஒரு கீ, அதாவது ரகசியக் குறியீடு, இருக்கிறது. அதே கீ மதர்போர்டிலும் இருக்கும், இரண்டும் பொருந்தினால்தான் கேம் ஓடும். என்னிடம் ஒரு மெஷின் வந்தது. பிரித்துப் பார்த்தால் சிப்பின் மேல் எள் அளவு குழி, ஓரத்தில் பிசின் பொடி ஒட்டியிருந்தது, அடியில் ஒரு பொன்னிறப் புள்ளி மின்னியது. துளை கொஞ்சம் ஆழமாகப் போய் அறுக்கக்கூடாத கம்பியையும் அறுத்துவிட்டது. டிரைவ் செத்துப்போனதும் கடையில் வேறொரு பழைய டிரைவை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டு வெளியே வருகிறது, உள்ளே போகிறது, சினிமா டிவிடி அழகாக ஓடுகிறது. அசல் கேம் தட்டைப் போட்டால் திரையில் ‘இந்தத் தட்டை எக்ஸ்பாக்ஸ் 360-இல் போடவும்’ என்று எழுதி வருகிறது. போட்டிருப்பதே எக்ஸ்பாக்ஸில்தான்! அந்தப் பையன் காசு கொடுத்து வாங்கின அசல் தட்டுகளும் அன்றோடு சரி.

மீனா: ஐயோ பாவம்

கார்த்தி: கீயை மதர்போர்டிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்

செல்வம்: எடுக்கலாம். அதற்கு மதர்போர்டிலும் கம்பி பற்றவைக்க வேண்டும். டிரைவைக் கெடுத்துவிட்டு, அதைச் சரிசெய்ய அடுத்து போர்டில் கை வைப்பதா? ஒழுங்காக வேலை செய்கிறவன் துளை போடுவதற்கு முன்னாலேயே கீயை எடுத்துக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்வான். உன் கடைக்காரர் அதைச் செய்கிறாரா என்று கேட்டாயா?

கார்த்தி: கேட்கவில்லை

வள்ளி: பார்

ராஜா அண்ணன்: சரி, கீயை எடுத்து வைத்தால் போதும்தானே. பையன் ஆசைப்படுகிறான்.

செல்வம்: போதாது அண்ணா. துளை சரியாக விழுந்த பிறகுதான் பழைய மென்பொருளை அழித்துப் புதியதை எழுதுவார்கள். அழித்து முடித்து எழுதுகிற அந்த நேரத்தில் கரண்ட் போனால் நினைவகம் பாதியில் நிற்கும். ரங்கூனில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா. கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறதா, கணினி, டிரைவ் இரண்டுமே அதில் ஓடுமா? ஜெனரேட்டர் என்றால் மாறுகிற அந்த ஒரு நொடியே போதும்.

வள்ளி: எங்கள் தெருவில் இன்று ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும். கடைத்தெருப் பக்கம் தெரியவில்லை

செல்வம்: அப்புறம் அந்தத் தூசி. சிப் உறையில் பெரும்பகுதி சிலிக்கா. அதை முகத்துக்கு நேரே வைத்து, முகமூடி இல்லாமல் துளைக்கிறார்கள், பக்கத்தில் சின்னப் பையன் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். கார்த்தி, நீ அப்படித்தான் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொடி டிரைவின் லேசர் கண்ணில் படிந்தாலும் தொல்லை.

கார்த்தி: மாமா, அசல் தட்டு இங்கே எங்கே கிடைக்கிறது? நான் என்ன திருடவா கேட்கிறேன். இருக்கிற மூன்று கேமையே எத்தனை தடவை விளையாடுவது. டவுன்லோட் பண்ணலாம் என்றால் 360 ஸ்டோரையும் 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

மீனா: அதுவும் நியாயம்தான்

செல்வம்: அது நியாயம்தான்டா. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாற்றின மெஷினை நெட்டில் இணைத்துக் கண்டுபிடித்துவிட்டால், நெட்டில் மற்றவர்களோடு விளையாடுகிற எக்ஸ்பாக்ஸ் லைவிலிருந்து நிரந்தரமாகத் தள்ளிவிடுவார்கள். 2009 நவம்பரில் கூட்டம் கூட்டமாகத் தள்ளினார்கள். கணக்கை இல்லை, மெஷினையே.

கார்த்தி: இங்கே நெட் ஒழுங்காக இருந்தால்தானே லைவில் விளையாட

வள்ளி: விபிஎன் இரண்டு தடவை அறுந்துவிட்டது, பாதி மெசேஜ் இப்போதுதான் வருகிறது. முடிவு என்ன, போகலாமா கூடாதா?

ராஜா அண்ணன்: பஜாரில் பழைய 360 அசல் தட்டுகள் இன்னும் கிடைக்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

சரசு அத்தை: அண்டாவையும் கொடுத்தனுப்பு

ராஜா அண்ணன்: அத்தை 🙏

மீனா: 😂😂

செல்வம்: தட்டு வாங்கும்போது அட்டையில் எந்த வட்டாரக் குறி, ‘பால்’ (PAL) அல்லது ‘என்டிஎஸ்சி’ (NTSC), போட்டிருக்கிறது என்று பாருங்கள் அண்ணா. சில கேம்கள் வேறு நாட்டு மெஷினில் ஓடாது. கார்த்தி, உன் மெஷின் பின்னால் இருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து ராஜா மாமாவுக்கு அனுப்பு. டிரைவை நீயே திறக்காதே.

கார்த்தி: கடைக்காரரிடம் கீ பற்றிக் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். எடுத்து வைப்பேன் என்றால் போகலாமா?

செல்வம்: இன்வெர்ட்டர் பற்றியும் கேள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா என்ன சொல்கிறாளோ அது.

வள்ளி: திதி முடியட்டும். திங்கட்கிழமை பார்க்கலாம்.

கார்த்தி: திங்கட்கிழமை அவர் மண்டலே போகிறார் அம்மா

வள்ளி: போய்விட்டு வரட்டும்

கார்த்தி: ராஜா மாமா, கால்பந்து கேம் இருந்தால் முதலில் அது

ராஜா அண்ணன்: எந்த வருடத்தது வேண்டும்?

மீனா: அம்மா, வாழையிலைக்கு யார் போகிறார்கள்? கார்த்திதான் நாளைக் காலை சும்மா இருக்கிறானே

கார்த்தி: நான் சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது

வள்ளி: இலை ஐம்பது. ஏழு மணிக்கே போ, கிழியாத இலையாகப் பார்த்து வாங்கு.