பன்ட் அடிக்கப் பழகிய அனுபவம்: கால் சீக்கிரம் பழகிவிடுகிறது, கைதான் படுத்துகிறது

டல்லாஸ் அப்பா:

மகன் பத்தாவது படிக்கிறான். ஏழு வயதிலிருந்து சாக்கர், அதாவது நம் ஊர் கால்பந்து. போன வருடம் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பன்ட்டர் (பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் படுவதற்குள் தூரமாக உதைக்கிறவர்) இல்லையென்று கோச் இவனைக் கூப்பிட்டார். "நாலாவது டவுன்ல, அதான் கடைசி வாய்ப்புல, வந்து பந்தைத் தூரமா உதைச்சுட்டுப் போகணும், அவ்வளவுதானேப்பா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த சனிக்கிழமை பூங்காவில் பத்துப் பந்து உதைத்தான். இரண்டு டென்னிஸ் கோர்ட்டுக்குள் போய் விழுந்தன. ஒன்று அவன் முட்டியிலேயே பட்டது. உருப்படியாகப் பறந்தது ஒன்றே ஒன்று, அதுவும் எப்படிப் பறந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பொறுக்கிக்கொண்டு வரும் வேலை என்னுடையது.

அப்புறம் கல்லூரியில் பன்ட்டராக இருந்த ஒருவரைப் பயிற்சிக்குப் பிடித்தோம். முதல் இரண்டு வகுப்பிலும் அவர் உதைக்கவே விடவில்லை. பந்தைக் கையில் பிடித்துக் கீழே விடு, அவ்வளவுதான். காசு கொடுத்து இதற்கா வந்தோம் என்று எனக்கு எரிச்சல். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வலது காலால் உதைப்பவன் வலது கையில் பந்தை ஏந்த வேண்டும். தையல் மேலே பார்த்திருக்க வேண்டும். மூக்கு, அதாவது பந்தின் முன்பக்கக் கூர்முனை, கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி, லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். இடது கை சும்மா துணைக்கு. இடுப்பு உயரத்தில் பந்தை அப்படியே விட்டுவிட்டுக் கையை விலக்க வேண்டும். மேலே தூக்கிப் போடவே கூடாது. தட்டையாக விழுந்தால் இருந்த இடத்திலேயே எழும்பும். மூக்கோ வாலோ முதலில் தரையைத் தொட்டால் கண்டபடி ஓடும். உதைக்காமலேயே தப்பு தெரிந்துவிடும்.

இவனுக்குப் பாதிப் பந்து ஓடியது, காரணம் பிடிபடவில்லை. ஒருநாள் போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தேன். விடுகிற கடைசி நொடியில் மணிக்கட்டு லேசாகத் திரும்புகிறது, பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி. அதைத்தான் பந்தும் வாங்கிக்கொண்டு போகிறது. பிறகு தினமும் சாயங்காலம் கராஜில் நூறு தடவை விட்டான். "என்னங்க, தோப்பில தேங்காய் விழுற மாதிரி சத்தம்" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

கால் விஷயம் இந்த அளவுக்குப் படுத்தவில்லை. விரல் நுனியை நீட்டி, கணுக்காலை இறுக்கி, பாதத்தின் மேல் எலும்பு, அதுவும் கொஞ்சம் வெளிப்பக்கமாகப் பட வேண்டும். பட்டால் பந்து சுழன்றுகொண்டு போகும். ஓடி வந்து உதைக்கிற சாக்கர் பழக்கத்தை விடத்தான் ஒரு மாதம் ஆனது. இங்கே வலது, இடது, உதை. அதற்கு மேல் நேரம் கிடையாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தூரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தாழ்வாக 45 கெஜம் போனால், எதிரணி ஆள் அதைப் பிடித்து நிதானமாகத் திரும்பி ஓடி வருவான். வானத்தில் எத்தனை நொடி நிற்கிறது என்பதுதான் கணக்கு, அதை ஹாங் டைம் என்கிறார்கள். பள்ளி அளவில் 4 நொடி நன்று, தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் நாலரைக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். இவன் 3.2-ல் தொடங்கி இப்போது 3.8-ல் நிற்கிறான்.

மெல்பர்ன்வாசி:

அண்ணா, எங்கள் கதை தலைகீழ். என் அண்ணன் மகன் சின்ன வயதிலிருந்தே ஆஸ்திரேலிய ரூல்ஸ் (இங்கத்திய ஃபுட்பால்) ஆடுகிறவன். பந்தைக் கையிலிருந்து விட்டு உதைப்பது இங்கே பிள்ளைகளுக்குச் சோறு சாப்பிடுகிற மாதிரி. ஆனால் இங்கே பெரும்பாலும் டிராப் பன்ட், பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடவிடுவது. சுழல் உதைக்கு டார்பிடோ என்று பெயர், எப்போதாவதுதான் அடிப்பார்கள். அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிற ஆசையில் அவன் இப்போது அந்த எப்போதாவதை எப்போதுமாக மாற்றிக்கொண்டிருக்கிறான்!

குட்டிக்கரணப் பந்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். எதிரணி எல்லைக்குப் பக்கத்தில் விழவைக்க அதுதான் சரி, குதித்துப் பின்னால் வரும். சுழல் பந்து முன்னால் உருண்டு, மைதானத்தின் கோடிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் எதிரணிக்குச் சும்மாவே 20 கெஜக் கோட்டில் பந்து கிடைத்துவிடும். 1995-ல் எங்கள் நாட்டு டேரன் பென்னட் அமெரிக்காவின் சான் டியேகோ அணிக்குப் போய் ஆடிய பிறகுதான் அங்கே இந்தக் குட்டிக்கரண உதையின் அருமை தெரிந்தது. சிறந்த கல்லூரிப் பன்ட்டருக்கான ரே கை விருதை 2014, 2015-ல் டாம் ஹேக்கெட், 2016-ல் மிட்ச் விஷ்னௌஸ்கி, 2017-ல் மைக்கேல் டிக்சன் என்று வரிசையாக ஆஸ்திரேலியர்களே வாங்கினார்கள். தம்பியை இரண்டும் பழகச் சொல்லுங்கள்.

ஒஹாயோ மாணவன்:

நான் கிளப் அணியில் ஒரே ஒரு ஆட்டம் பன்ட்டராக இருந்தவன். பயிற்சியில் எல்லாம் ஜோர். ஆட்டத்தில் 14 கெஜம் தள்ளி நிற்கிறேன், ஸ்னாப் (முன்னால் நிற்கிறவர் கால் இடுக்கு வழியாகப் பின்னால் எறியும் பந்து) வருகிறது, பந்தைப் பிடிப்பதற்கு முன்பே ஓடி வருகிறவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டேன். பந்து விரலில் தட்டிக் கீழே விழ, எடுத்து உதைத்தது நேராக ஒருவன் மார்பில் போய்ப் பட்டுத் திரும்பியது. ஸ்னாப்பிலிருந்து உதைவரை மொத்தமே இரண்டு நொடிதான். அதில் அரை நொடியை வேடிக்கைக்குக் கொடுத்தால் முடிந்தது. உங்கள் பையனுக்கு யாராவது கத்திக்கொண்டு எதிரே ஓடி வரப் பழக்குங்கள், பூங்காவில் தனியாக உதைத்தால் இது வராது.

டல்லாஸ் அப்பா:

நன்றி தம்பி. நேற்றே ஆரம்பித்துவிட்டோம். கத்திக்கொண்டு ஓடியது நான்தான், இன்றைக்கு முட்டி மடங்கவில்லை. ஒரு சந்தேகம். போன வாரம் மழையில் பந்து கையிலிருந்து வழுக்கி முன்னதாகவே விழுந்துவிடுகிறது. கையுறை போட்டால் பிடி கிடைக்கிறது, ஆனால் விடும்போது ஒட்டுகிறது என்கிறான். யாராவது சமாளித்திருக்கிறீர்களா?