பதினாலு ஊரும் ஒரே ஆளா? பாட், ஃபேக் ஐடி அனுபவங்களைச் சொல்லுங்கள்

குடமுருட்டி:

பாபநாசம் பக்கம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு பிரௌசர் கேம் நடத்துகிறோம். ஊர் கட்டுவது, நெல் விளைவிப்பது, பக்கத்து ஊரோடு சண்டை போடுவது. 400 பேர் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். போன ஐப்பசியில் லாகை, அதாவது யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவைப், புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தினமும் விடியற்காலை 3 மணிக்குப் பதினாலு ஊர்களிலிருந்து ஒரே ஊருக்கு நெல் போகிறது. திரும்பி ஒரு படி கூட வருவதில்லை. அந்தப் பதினாலும் சண்டைக்குப் போனதில்லை, சாட்டில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரோ ஒருத்தன் பாட் வைத்து, அதாவது தானாக ஆடுகிற புரோகிராம் வைத்து, ஓட்டுகிறான் என்று முடிவு கட்டினோம்.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். பதினாலும் ஒரே ஐபி முகவரியிலிருந்து (நெட் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வருகின்றன என்று அந்த ஐபியையே பேன் செய்தோம், அதாவது உள்ளே வரவிடாமல் தடுத்தோம். அன்றைக்குச் சாயங்காலம் பிடித்த மழை, ஏழு மணிக்கெல்லாம் கரண்ட் போய்விட்டது. காலையில் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரே திட்டு. 60 பேருக்கு மேல் உள்ளே வர முடியவில்லை. கரண்ட் போனதும் வீட்டு வைஃபை படுத்துவிட்டது, எல்லாரும் மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கிறார்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஆளுக்கொரு ஐபி கிடையாது. ஐபிவி4 என்கிற பழைய வகை முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் ஏகப்பட்ட பேரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். சிஜிநாட் என்று அதற்குப் பெயர். எங்கள் கள்ளனும் அதற்குள்தான் இருந்தான், அவனோடு பாதி ஊரும் இருந்தது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வெட்டாறு:

அண்ணே, நான் பேன் வாங்கிய கட்சி. நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். நானும் தங்கச்சியும் மாற்றி மாற்றி ஆடுவோம். நான் எழுந்தால் அவள் உட்காருவாள், நாற்காலியில் சூடு கூட ஆறியிருக்காது. ஒரு நாள் இரண்டு ஐடியும் ஒன்றாகக் காலி. கேம் பெயர் வேண்டாம், வெளிநாட்டுக்காரர்களுடையது. இரண்டு பேர்தான் என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்றார்கள். அப்பா ரேஷன் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அதில் இருந்ததோ அம்மாவின் முகம் மட்டும். மூன்றாவது ஐடிக்கு வேறு ஆள் வருகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, அதோடு பதிலே இல்லை.

டிராவியன் என்கிற ஊர் கட்டும் பிரௌசர் கேமில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஊருக்குப் போகும்போது நம் ஐடியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரை ‘சிட்டர்’ என்று முறைப்படியே வைத்துவிட்டுப் போகலாம், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. அப்படி ஒரு வழி இருந்தால் பாஸ்வேர்டைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

அரசலாறு:

எல்லாரும் மாட்டியவர்கள், பிடித்தவர்கள் கதையையே சொல்கிறீர்கள். பாட் வைத்தவன் நான், சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தபோது ஒரு மீன் பிடிக்கிற கேம். தூண்டிலைப் போடு, இழு, மறுபடி போடு. கை வலிக்கிறதே என்று தானாகவே கிளிக் தட்டுகிற ஆட்டோ கிளிக்கர் போட்டேன். ஒரே சீராகத் தட்டினால் மாட்டுவோம் என்று தெரியும். அதனால் 2 விநாடிக்கும் 3 விநாடிக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் தட்டும்படி வைத்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. ஒன்பதாம் நாள் ஐடி போய்விட்டது.

அப்புறம்தான் புரிந்தது. 2.1, 2.7, 2.4 என்று மாறினாலும் அந்த வேலியைத் தாண்டி ஒரு தட்டு கூட வெளியே போகவில்லை. 19 மணி நேரம் தொடர்ந்து, ஒரு தடவை கூட இடம் தப்பாமல். மனுஷன் கை அப்படியா? நாலு தடவை சடசடவென்று தட்டும், யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் இருபது நிமிஷம் காணாமல் போகும், வந்ததும் தப்பான பட்டனைத் தொடும்.

இதைவிட அழகாகப் பிடித்தது டோட்டா 2 என்கிற ஆன்லைன் சண்டை கேமில். 2023 பிப்ரவரியில் அதை நடத்துகிற வால்வ் கம்பெனி கேமுக்குள் ஒரு தகவலை ஒளித்து வைத்தது. ஒழுங்காக ஆடுகிறவனின் கேம் அதைப் படிக்கவே படிக்காது. ஏமாற்றி ஆட வைத்திருக்கிற சீட் மென்பொருள்தான் போய் நோண்டும். நோண்டிய 40,000-க்கும் மேற்பட்ட ஐடிகள் ஒரே அடியில் காலி. படித்ததும் எங்கள் வயலில் எலிக்கு வைக்கிற மூங்கில் கிட்டிதான் ஞாபகம் வந்தது. ஆள் நடக்கிற வழியில் வைக்க மாட்டார்கள். எலி வளை ஓரம் வைத்து, உள்ளே கொஞ்சம் பொரி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம்.

வெண்ணாறு:

போன் நம்பர் கேளுங்கள் அண்ணே. டோட்டா 2 ரேங்க் ஆட்டத்துக்கு 2017-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். நம் நாட்டில் ஒருவர் பேரில் 9 சிம் வரை வாங்கலாம், அதனால் முழுக்க அடைபடாது. ஆனால் பதினாலு ஊருக்கும் ரீசார்ஜ் செய்யட்டும், பார்ப்போம்.

வெட்டாறு:

நம்பர் கேட்டால் நானும் தங்கச்சியும் மறுபடி ஒரே ஆள்தான். கேம் ஆட வீட்டில் ஒரே போன்.

குடமுருட்டி:

வெட்டாறு தம்பிக்காகவே நம்பர் யோசனையைக் கைவிட்டோம். யார் எவர் என்று தேடுவதையே நிறுத்திவிட்டு, நெல் போகிற வாய்க்காலில் மதகு வைத்தோம். புது ஊர் 20 நாளுக்கு யாருக்கும் நெல் அனுப்ப முடியாது. அதற்குப் பிறகும் அனுப்பியதற்கு ஏறக்குறைய ஈடாக ஏதாவது திரும்ப வர வேண்டும்.

இதில் ரொம்பக் கடுமை காட்டப் பயம்தான். ரூன்ஸ்கேப் என்கிற ஆன்லைன் கேமில் 2008 ஜனவரியில் இதே மாதிரி இறுக்கினார்கள். கூட்டாளிக்கு நல்ல பொருள் எதையும் சும்மா கொடுக்க முடியாமல் போனது. ஆடுகிறவர்களிடம் வாக்கெடுத்து 2011 பிப்ரவரியில் தளர்த்தினார்கள். பாட்கள் மறுபடி மண்டின. அந்த அக்டோபரிலேயே ஒரே நாளில் 15 லட்சம் ஐடிகளைத் தூக்க வேண்டி வந்தது.

அதனால் மாதம் ஒரு தடவை இனாமாகக் கொடுக்கலாம் என்று ஒரு வழி விட்டு, அதற்கு ‘மொய்’ என்று பெயர் வைத்தோம். பெயர் மட்டுமில்லை, நோட்டும் உண்டு. யார் யாருக்கு எவ்வளவு வைத்தார், திரும்ப வந்ததா என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரே வீட்டுக்குப் பதினாலு மொய் போய், அந்த வீட்டிலிருந்து ஒன்று கூடத் திரும்பாவிட்டால் நாங்கள் சொல்லவே வேண்டாம், மற்றவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்தே நாளில் பதினாலு ஊரும் பாழ். அப்புறம் ஒரு பையனிடமிருந்து மெசேஜ் வந்தது. காலேஜ் இரண்டாம் வருஷமாம். பாட் எதுவும் இல்லையாம். “அண்ணே, 3 மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு பதினாலு ஐடியையும் நானேதான் ஒவ்வொண்ணாத் திறந்தேன். இப்பதான் ராத்திரி நல்லாத் தூங்குறேன்.”

ஒரே ஊரை வைத்துக்கொண்டு இன்னும் ஆடுகிறான். சுமாராகத்தான் ஆடுகிறான்.