கூரை கறுத்துப் போச்சுங்க

குழு: சாளைக்காரங்க

நந்தினி: [போட்டோ] [போட்டோ]

நந்தினி: டிரோன்காரர் இன்று ட்ரையல் எடுத்தார். மேலிருந்து நம்ம வீடு இப்படித்தான் தெரியுதாம். உப்புச்சர்க்கரை நிச்சயத்துக்கு 12 நாள்தான் இருக்கு 😭

கோமதி அத்தை: அட சாமி. புகை பிடிச்ச அடுப்பு மாதிரி இருக்குதே

திருப்பூர் சித்தப்பா: வடக்குப் பக்கம் மட்டுமா?

அப்பா: ஆமா. தெக்க பளிச்சுனுதான் இருக்கு.

கோமதி அத்தை: அப்பாரு போட்ட மங்களூர் ஓட்டைப் பிரிச்சு இந்த சிமெண்ட் ஓடு போட வேண்டாம்னு 2019-லயே தலபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டீங்க

அப்பா: அது ஒழுகுச்சுங்க அக்கா.

கோமதி அத்தை: ஓடு ஒழுகலை தம்பி. அடியில இருந்த ரீப்பர் கட்டைதான் இத்துப்போச்சு. அதை மட்டும் மாத்தியிருந்தா முடிஞ்சது

அம்மா: மாப்பிள்ளை வீட்டில் 40 பேர் வருகிறார்களாம். சந்தகை போடலாமா, ஒப்புட்டு போதுமா?

பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது அழுக்கும் அல்ல, ஓட்டின் சாயம் போனதும் அல்ல. பாசி இனம், உயிருள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்போது சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். வடக்குச் சரிவில் நேர் வெயில் குறைவு, அதனால் ஈரம் காயாது. அதற்கு மேல் நம் புளியமரத்து நிழலும் அந்தப் பக்கம்தான். பாசிக்கு வேறென்ன வேண்டும்? கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது ஒரு கருநிறத்தை உண்டாக்கிக்கொள்கிறது. வீட்டுக்கு வலு குறையவில்லை, அழகுதான் கெட்டது.

கோமதி அத்தை: எங்க காங்கேயத்து வீட்டிலும் கம்பெனி ஓடுதான். ஒரு புள்ளி கிடையாது

பெரியப்பா: காங்கேயத்தில் மழை ஏது கோமதி? நம் ஆனைமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், வடகிழக்கும் பெய்யும். உன் ஊர் ஓடு வெயிலில் வடை மாதிரி காய்கிறது.

கோமதி அத்தை: எங்க ஊரைச் சொல்லாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே

விக்கி லீட்ஸ்: மாமா, இங்கே இங்கிலாந்தில் நிறைய வீட்டுக்கு ஸ்லேட்தான், பலகைக்கல் கூரை. பச்சைப் பாசி திட்டுத்திட்டா கிடக்கும், யாரும் சட்டை பண்றதில்லை. மட்டமான ஸ்லேட்டில் இரும்புத்தாது இருந்தால்தான் சண்டை. மழையில் துரு வழிஞ்சு கோடு விழும்

திருப்பூர் சித்தப்பா: நீ வெள்ளைக்காரன் கதையை விடு. கேரண்டி கார்டு எங்க? 20 வருசம்னுதானே வாங்கினோம்

அம்மா: பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், கோயில் ரசீதுகளோடு இருந்தது. கார்த்தி, நீ படி. எனக்கு எழுத்து பொடியாக இருக்கு.

கார்த்தி: ஓடு ஒழுகினாலோ தானா வெடிச்சாலோ 20 வருசம். கலருக்கு 5 வருசம், அது போன வருசங்களில் முடிஞ்சாச்சு. கீழே எறும்பு எழுத்தில்: பாசி, பூஞ்சை, மர நிழல், பறவை எச்சம், சுண்ணாம்பு பூப்பது, இதெல்லாம் சேராது.

கார்த்தி: கடைக்காரருக்கும் போன் பண்ணினேன். "ஓட்டுக்குத்தான் கேரண்டி தம்பி, மழைக்கு இல்லை"ங்கிறார்

திருப்பூர் சித்தப்பா: கேஸ் போட்டால் தெரியும். 1915-க்கு அடி, நுகர்வோர் ஹெல்ப்லைன்

கார்த்தி: சித்தப்பா, 2019 நுகர்வோர் சட்டப்படி பிரச்சினை வந்து ரெண்டு வருசத்துக்குள் போகணும். 5 லட்சம் வரைக்கும் பீஸ் இல்லை, அது சரி. ஆனால் வாங்கினதுக்கு பில் வேண்டாமா? கார்டோடு பின் அடித்திருப்பது துண்டுச்சீட்டு. கடைப்பேர் கூட இல்லை

கோமதி அத்தை: பில் வேண்டாம், வரி மிச்சம்னு சொன்னது யாரு 🙂

திருப்பூர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி அத்தை: நீக்கினாலும் படிச்சுட்டேன்

சித்தி: அவர் அன்னைக்கு நல்லதுக்குத்தான் சொன்னாருங்க. அது இருக்கட்டும், ஓரத்தில் வெள்ளையா இருக்கே, அதுவும் பாசியா?

பெரியப்பா: அது சுண்ணாம்பு. இது சிமெண்ட் ஓடு அல்லவா? ஈரத்தோடு உள்ளிருக்கும் சுண்ணாம்பு மேலே வந்து, காற்றுப் பட்டு வெள்ளையாக உறையும். மழையில் நாளடைவில் தானே போகும்.

திருப்பூர் சித்தப்பா: ஆள் வைத்து மெஷின் தண்ணி அடித்தால் ஒரே நாளில் போயிரும்

பெரியப்பா: கூடவே ஓட்டின் மேல்பூச்சும் போயிரும். சொரசொரப்பானால் அடுத்த மழைக்குப் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆசிட் பக்கமே போகாதீர்கள், சிமெண்ட்டைத் தின்றுவிடும். பெயிண்டும் வேண்டாம், உயிரோடு இருக்கும் பாசி மேல் அடித்தால் தோல் தோலாக உரியும். சுப்பு, ஒரே ஒரு ஓட்டில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரைத் தெளியவைத்துத் தொட்டுப் பார். வெளுத்தால் பாசி. அந்தத் தண்ணீரில் ஆசிட், பாத்ரூம் கழுவும் மருந்து எதுவும் சேரக்கூடாது. விஷவாயு கிளம்பும்.

அம்மா: மாமா, இவருக்கு 63 வயசு. ஏணி ஏறச் சொல்றீங்களே

பெரியப்பா: கீழே நின்றே எட்டும் ஓரத்து ஓட்டில்தானம்மா.

அப்பா: பார்க்கலாம்.

(மறுநாள்)

அப்பா: [போட்டோ]

அப்பா: காலையில் ஏணி போட்டு இறவாரத்து ஓட்டில் பாதிக்கு மட்டும் துணியில் தொட்டுத் தடவினேன். கால் மணி நேரத்தில் கறுப்பு பழுப்பாகி, அப்புறம் ஓட்டின் செங்கல் நிறமே வந்துடுச்சு. மீதிப் பாதி அப்படியே கரிச்சட்டி. தண்ணி ஊற்றி அலசினால் வழுவழுப்பு கையில் ஒட்டுது, வெண்டைக்காய் மாதிரி.

நந்தினி: அப்பா சூப்பர் 😍 முழுசும் பண்ணிரலாமா

அம்மா: ஏறினது எனக்குத் தெரியாது. இப்போ குரூப்பில் பார்த்துத்தான் தெரியுது.

அப்பா: ரெண்டே படி.

சித்தி: அந்தத் தண்ணி கீழே மாட்டுத்தொட்டியில்தானே விழும்?

அப்பா: அதைத்தான் யோசிக்கிறேன். கழுவுற அன்னைக்கு மாட்டைக் கொட்டாய்க்கு அந்தாண்ட கட்டி, தொட்டியை மூடணும். கறிவேப்பிலைக்கு முன்னாடியே நல்லா தண்ணி விட்டு, மேலே ஒரு படுதா.

விக்கி லீட்ஸ்: திரும்ப வராமல் இருக்க முகட்டில் செம்புத் தகடு பதிப்பாங்க மாமா. மழைத்தண்ணி அதில் பட்டு வழிஞ்சா கீழே பாசி பிடிக்காது

திருப்பூர் சித்தப்பா: நல்லா பதிச்சே. கிணத்து மோட்டார் ஒயரையே ராத்திரி அறுத்துட்டுப் போறானுக. கூரையில் செம்பு இருக்குதுன்னு தெரிஞ்சால் ஓட்டோட சேர்த்துத் தூக்கிருவான்

அப்பா: புளியங்கிளையைக் கொஞ்சம் கழிச்சாலே வெயில் விழும்.

கோமதி அத்தை: ஆத்தா வெச்ச மரம். கை வெக்காதீங்க

அப்பா: கிளை மட்டும்தானுங்க அக்கா.

கோமதி அத்தை: ஓட்டையும் இப்படித்தான் கொஞ்சம்னு ஆரம்பிச்சீங்க

பெரியப்பா: ஆள் கூலி எவ்வளவு, யார் பொறுப்பு என்று இன்றே முடிவு செய்தால் நல்லது. 2019-இல் பங்கு பிரித்த கணக்கு என் டைரியில் இருக்கிறது.

திருப்பூர் சித்தப்பா: அண்ணா அந்த டைரியை எடுக்காதீங்க

நந்தினி: டிரோன்காரர் கேட்கிறார், தெற்குப் பக்கம் இருந்து மட்டும் எடுக்கட்டுமான்னு

அப்பா: ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பசங்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வந்தால் பார்ப்போம்.

அம்மா: சந்தகைன்னே வெச்சுக்கலாம். நங்கையா, சந்தகை பிழியுற பெரிய மரம் உங்ககிட்டத்தானே இருக்கு?

கோமதி அத்தை: 2019-ல ஓடு பிரிச்சப்போ அட்டாலியில் இருந்தது. அதுக்கப்புறம் எங்கே போச்சுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு