பக்கம் மாறாமல் கட்டுரைகளை வரவழைத்தல்: மூவர் நேரில் கண்டவை

ஓர் இலக்கிய இதழின் இணையதளத்தில், முகப்பில் பத்துக் கட்டுரைகளைக் காட்டி, 'மேலும்' என்பதை அழுத்தியதும் அடுத்த பத்தை அதே பக்கத்தின் அடியில் சேர்க்கும் வேலையைச் செய்துகொடுத்தேன். தளம் வேர்ட்பிரஸ் என்ற தளமேலாண்மை மென்பொருளில் இயங்குவது. 2016 டிசம்பரில் வெளியான 4.7 பதிப்பிலிருந்தே கட்டுரைகளை ஜேசன் என்ற, நிரல்கள் எளிதில் படிக்கும் உரை வடிவில் தரும் ரெஸ்ட் ஏபிஐ என்ற இடைமுகம் அதனுடன் சேர்ந்தே வருவதால், வழங்கியின் (சர்வரின்) பக்கம் புதிதாக எழுத வேண்டியது குறைவாகவே இருந்தது. எத்தனையாவது பக்கம், பக்கத்துக்கு எத்தனை கட்டுரை என்று கேட்டால் போதும். ஒரு கோரிக்கைக்கு 100 கட்டுரைக்கு மேல் தராது.

கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்டால் வெற்றுப் பட்டியல் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வருவது 400 என்ற பிழைக் குறியீடு. அந்தப் பிழையையும், உலாவியிலிருந்து கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான ஃபெட்ச் தோல்வியாகக் கொள்வதில்லை. இணைப்பே அறுந்து பதில் வராமல் போனால்தான் அதன் பிராமிஸ் (பின்னர் வரவிருக்கும் விடைக்கான உறுதிப்பொருள்) நிராகரிக்கப்படும், 404, 500 போன்ற பிழைக் குறியீடுகளையும்கூட அது வந்து சேர்ந்த பதிலாகவே ஒப்படைக்கும். ஆகவே பதிலின் நிலைக் குறியீட்டைச் சோதிக்காமல் உள்ளடக்கத்தைத் திரையில் சேர்க்கும் நிரல், வழங்கி தடுமாறும் முதல் நாளிலேயே வாசகருக்குக் குப்பையைக் காட்டும்.

நான் அதிகம் யோசித்தது இரட்டிப்பைப் பற்றித்தான். வாசகர் முதல் பத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் குழு புதிய கட்டுரை ஒன்றை வெளியிட்டால், வரிசை முழுவதும் ஓர் இடம் கீழே நகர்ந்துவிடுகிறது. முதல் பக்கத்தின் கடைசிக் கட்டுரை இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் மீண்டும் வருகிறது. பக்க எண்ணை விட்டுவிட்டு, கடைசியாகக் காட்டிய கட்டுரையின் நேரத்துக்கு முந்தையவற்றைக் கேட்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு. ஆனால் இதழ் என்பது நாளேடு அன்று. ஓர் இதழின் படைப்புகள் அனைத்தும் ஒரே நேரம் குறிக்கப்பட்டு ஒன்றாக வெளியாகும். அந்த நேரத்துக்கு முந்தையவற்றை மட்டும் கேட்டால் அதே இதழில் மீதமிருக்கும் படைப்புகள் அனைத்தும் விடுபட்டுப்போகும். ஒரு கட்டுரை இரண்டு முறை தெரிவதைவிட ஒருவருடைய கவிதை தெரியாமலே போவது பெரிய குறை என்பதால், பக்க எண்ணையே வைத்துக்கொண்டு, ஏற்கெனவே திரையில் இருக்கும் கட்டுரைகளின் அடையாள எண்களை ஒரு தொகுப்பில் சேமித்து, வருவனவற்றை அதனுடன் ஒப்பிட்டு மீண்டும் வந்ததை மட்டும் தள்ளிவிடும் முறையைத் தேர்ந்தேன்.

'மேலும்' என்பது வெறும் பொத்தானாக இல்லாமல், அடுத்த பக்கத்தின் உண்மையான முகவரியைக் கொண்ட இணைப்பாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உலாவிக்குள் வேலைசெய்யும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இயங்கினால் கட்டுரைகள் அங்கேயே வரும். இயங்காவிட்டால் இணைப்பு வாசகரை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும். 2011 பிப்ரவரியில் காக்கர் என்ற அமெரிக்க இணைய ஊடகக் குழுமத்தின் தளங்கள், கட்டுரை முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே வரவழைக்கும் வடிவத்துக்கு மாறிய வேளையில், ஒரு நிரல் கோளாறினால் எல்லாப் பக்கங்களும் வெறுமையாக நின்றது இத்துறையில் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தளங்கள் பயன்படுத்திய, '#!' குறி கொண்ட ஹேஷ்பேங்க் முகவரிகளைத் தேடுபொறி படிப்பதற்காக 2009-இல் கூகுள் முன்வைத்த ஏற்பாட்டை, அதுவே 2015-இல் கைவிட்டது.

---

முகவரியைப் பற்றி மேலே எழுதியுள்ள நண்பர் சொன்னதுடன், தமிழ்த் தலைப்புகளையே முகவரியாக வைத்திருக்கும் தளத்தில் நான் கண்டதையும் சேர்க்க விரும்புகிறேன். அங்கே ஒரு கட்டுரை முடியும் இடத்தில் அடுத்த கட்டுரை தானாக வந்து சேரும். வாசகர் அதற்குள் நுழைந்ததும் பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே முகவரியை மாற்ற உதவும் உலாவி வசதியான ஹிஸ்டரி ஏபிஐ வழியாக முகவரிப் பட்டை மாறும். நிரல் முகவரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, பக்கத்தின் ஓரப் பட்டியலில் அந்தக் கட்டுரையின் தலைப்பு தடித்துக் காட்டப்படும். ஆங்கிலத்தில் முகவரி அமைந்த கட்டுரைகளில் எல்லாம் சரியாக நடந்தது. தமிழில் அமைந்தவற்றில் சில வேளை நடந்தது, சில வேளை நடக்கவில்லை.

காரணம் குறியாக்கத்தில் இருந்தது. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் சேர்த்து மூன்று எழுத்துகளாக விரிகிறது. அவ்வாறு விரிக்கும்போது வேர்ட்பிரஸ் சிறிய ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துகிறது; வாசகர் தமிழிலேயே முகவரியைத் தட்டினால் உலாவி பெரிய எழுத்துகளில் விரிக்கிறது. கண்ணுக்கு ஒரே முகவரி, நிரலுக்கு இரண்டு வெவ்வேறு சரங்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் தமிழுக்கே மீட்டுக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. இதே விரிவினால்தான் 200 எழுத்து வரம்புள்ள வேர்ட்பிரஸ் முகவரியில் சுமார் 22 தமிழ்க் குறியீடுகளே அடங்குகின்றன; மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் நீண்ட தலைப்புகள் பாதியிலேயே வெட்டுப்படுகின்றன.

கதை, கவிதை, கட்டுரை என்று பிரிவை மாற்றும் இடத்தில் வேறொன்றையும் கவனித்தேன். வாசகர் 'கதை'யை அழுத்தி உடனே 'கவிதை'யை அழுத்தினால், மெதுவான இணைப்பில் கவிதைகள் முதலில் வந்து, பிறகு தாமதமாக வந்த கதைகள் அவற்றின் மேல் எழுதிவிடும். கோரிக்கைகள் புறப்பட்ட வரிசையில்தான் பதில்கள் திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. புதிய கோரிக்கையை அனுப்பும் முன் பழையதை, கோரிக்கையைப் பாதியில் கைவிடச் செய்யும் உலாவி வசதியான அபார்ட்கண்ட்ரோலர் கொண்டு நிறுத்திவிடுவதே முறை.

---

என் பகிர்வு சிறியது. பார்வையற்ற நண்பர் ஒருவர் திரையில் உள்ளதை ஒலியாக வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு இத்தகைய தளம் ஒன்றைப் படித்தபோது உடன் இருந்தேன். அவர் 'மேலும்' என்பதை அழுத்தினார். கட்டுரைகள் வந்து சேர்ந்தன. அவருக்கு எந்த ஒலியும் வரவில்லை. மீண்டும் அழுத்தினார், மேலும் பத்து வந்தன, அதுவும் அவருக்குத் தெரியவில்லை. தளத்தை நடத்துபவர்களிடம் எடுத்துச் சொன்னதும் இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். 'பத்துக் கட்டுரைகள் சேர்க்கப்பட்டன' என்ற வரி, திரைவாசிப்பான் தானாகவே அறிவிக்கும் நிலைப் பகுதியில் எழுதப்படுகிறது. விசைப்பலகைக் குவியம் (விசையழுத்தம் செயல்படும் இடம்) புதிதாக வந்தவற்றுள் முதல் கட்டுரையின் தலைப்புக்கு நகர்த்தப்படுகிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கப்படாமல் இருந்ததும் அப்போதுதான் சரிசெய்யப்பட்டது. 'மேலும்' தவிர, உருட்ட உருட்டக் கட்டுரைகள் தானாக வரும் அமைப்பும் தளத்தில் இருந்தது; அதைக் கைவிட வேண்டும் என்றும் நண்பர் கேட்டுக்கொண்டார். சந்தா விவரமும் தொடர்பு முகவரியும் பக்கத்தின் அடியில் இருந்தன. அங்கே செல்ல முயலும்போதெல்லாம் புதிய கட்டுரைகள் வந்து அவற்றை இன்னும் கீழே தள்ளிக்கொண்டே இருந்தன. அந்தக் கோரிக்கையை அவர்கள் இன்னும் ஏற்கவில்லை. நான் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.