ஏறத் திட்டம் போட்டோம், இறங்கப் போடவில்லை: கடலூரிலிருந்து வால்பாறை

மஞ்சக்குப்பம், கடலூர்

அடுத்த மாதம் காரில் வால்பாறை போகவிருக்கும் தம்பி ஒருவர், "எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?" என்று கேட்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியைத்தான் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருவர் இரண்டு மணி என்றார், ஒருவர் நாலு மணி என்றார். திரும்பி இறங்குவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம். அங்கிருந்து அவிநாசி, பல்லடம், பொள்ளாச்சி. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கி.மீ. மொத்தம் 450-ஐத் தாண்டும். பொள்ளாச்சி வரை சொல்ல ஒன்றும் இல்லை. டீ, டோல்கேட், மறுபடியும் டீ.

நம் ஊரில் மலை என்றால் கேப்பர் மலைதான். அதை நாலாவது கியரிலேயே ஏறிவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் ஆடி மாதத்தில் கிளம்பினோம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை; ஆடியில் காற்றும் புழுதியும்தான். மேற்கே அதுவே நடு மழைக்காலம் என்பது பாடப் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் பெட்டி கட்டும்போது அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐந்து பேருக்கு ஒரே ஒரு குடை.

ஏறும்போது எல்லாம் நன்றாகவே போனது. ஆழியாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் 40. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் பாறைமேல் இரண்டு வரையாடுகள், ஏதோ வாடகைக்கு அமர்த்திய மாதிரி அசையாமல் நின்றன. அட்டகட்டி தாண்டிக் கவர்கல் வந்தபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. கார் மூக்குக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. ஹை பீம் போட்டேன், எதிரில் வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. வெளிச்சம் அப்படியே திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கிறது. லோ பீமுக்கு மாற்றியதும் தரை தெரிந்தது. இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நத்தை மாதிரி போய்ச் சேர்ந்தோம். உள்ளே கண்ணாடி வேறு மங்கியது. குளிருகிறது என்று ஏசியை அணைத்து வைத்திருந்ததுதான் காரணம். ஏசியைப் போட்டு முன் கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பினால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து இறங்கும்போதுதான் விஷயம் நடந்தது. மூன்றாவது கியரில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சமவெளியில் ஓட்டிய கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. பாதி வளைவுகள் கடந்திருப்போம். கருகிய நாற்றம் வந்தது. முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போகிறது, வண்டி நிற்கவில்லை. எப்படியோ இரண்டாவது கியர், பிறகு முதல் கியர் என்று தள்ளி, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, மலையை ஒட்டிய பக்கத்து வடிகாலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

முன் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் பாட்டிலோடு போனேன். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் கத்தினார்: "ஊத்தாதீங்க சார், டிஸ்க் வளைஞ்சிடும்! சும்மா விடுங்க, அதுவா ஆறட்டும்." முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெடல் ஓரளவு திரும்ப வந்தது. மீதியை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக இறக்கினேன்.

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். வண்டி எண்ணில் 31 இருப்பதைப் பார்த்துவிட்டு, "கடலூர்தானே? உப்புக் காத்து" என்றார். பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் அந்தப் பக்கத்துப் பிரேக் பேட் விடுபடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பிரேக் ஆயில் கறுப்பாக இருந்தது. ஆறு வருடத்து வண்டி, ஒரு தடவைகூட மாற்றவில்லை. ஊரில் வழக்கமாக விடும் பட்டறையின் பில்லில் ஒவ்வொரு முறையும் 'பிரேக் பார்க்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். பார்த்திருப்பார்கள், மறுக்கவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. இறக்கத்தில் விடாமல் மிதித்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் பஞ்சானது அதனால்தான். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஈரமும் உப்பும் பஞ்சமே இல்லை. ஆனால் சமவெளியில் பிரேக் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை என்பதால், கோளாறு இருப்பதே ஆயுசுக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

நெய்வேலி

அண்ணா சொன்ன கவர்கல் பனிமூட்டத்தில் எனக்கும் ஒரு சந்திப்பு உண்டு. மாலை ஐந்து மணி இருக்கும். முன்னால் சாலையில் தரைக்கு மேலே நாலு வெள்ளைக் கோடுகள் செங்குத்தாக நின்றன. யாரோ கல் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாகக் கிட்டே போனால், கோடு ஒன்று நகர்ந்தது. காட்டுமாடு! உடம்பு முழுக்கக் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. பனியில் காலுறை மட்டும்தான் தெரியும். நான் ஹார்ன் அடிக்கவில்லை, லைட்டை அணைக்கவும் இல்லை. வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். அது தேயிலைக்குள் இறங்கிப் போக ஏழெட்டு நிமிடம் ஆனது.

புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் கீழேயும் வரும். பிஸ்கட் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அப்புறம், வால்பாறையில் கம்பங்களில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நாங்கள் போனது திம்பம் மலைப்பாதை வழியாக ஆசனூர். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம், பவானி, சத்தியமங்கலம். மதியச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டதில், காட்டுச் சாலை தொடங்கும் பண்ணாரி செக்போஸ்டுக்குப் போய்ச் சேரும்போது இரவு 9.10. கேட்டை மூடிவிட்டார்கள். 2022 பிப்ரவரியிலிருந்து அந்தக் காட்டுச் சாலையில் கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை அனுமதி இல்லை. உயர்நீதிமன்ற உத்தரவு. பத்து நிமிடம்தானே என்று கெஞ்சினோம். காவலர் சிரித்துக்கொண்டே, "யானைக்கு உங்க கடிகாரம் தெரியாதுங்க" என்றார். சத்தியமங்கலத்துக்கே திரும்பிப் போய் அறை எடுத்தோம்.

காலையில் 27 வளைவும் பனிக்குள்ளேயே ஏறினோம். மேலே, ஆசனூர் தாண்டியதும் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கரும்பு லாரி ஒன்றை ஒரு தாய் யானையும் குட்டியும் நிறுத்தி வைத்திருக்கின்றன. தாய் தும்பிக்கையை நீட்டி இரண்டு கட்டு உருவி எடுத்துக் கீழே போட்டது, குட்டி தின்றது. எங்களுக்கு முன்னால் நின்ற கார்க்காரர் இறங்கி செல்போனைத் தூக்கினார். லாரி டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டியது யானைப் பிளிறலைவிடச் சத்தம். கால் மணி நேரத்தில் வழி கிடைத்தது.

புதுவை வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லையைத் தாண்டும் முன் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், லாபம். டிக்கியில் வேறு எதையும் நிரப்பாதீர்கள். செக்போஸ்டில் நிறுத்தினால் பயணம் அங்கேயே முடிந்தது.

விருத்தாசலம்

அண்ணா, நான் ஓட்டியது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 வளைவு. என் பையன் பன்னிரண்டாவது வளைவிலேயே வாந்தி. பின் சீட்டில் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்தால் வராமல் என்ன செய்யும்? முன் சீட்டுக்கு மாற்றி, கண்ணாடியை இறக்கி, தூரத்தில் பார்க்கச் சொன்னபிறகு சரியானது. கிளம்பும் முன் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அங்கே எனக்கு நடந்த தகராறு வேறு. குறுகலான இடம், நான் ஏறுகிறேன், மேலிருந்து ஒரு பெரிய கார் இறங்குகிறது. அவர் லைட்டை அடித்து அடித்து என்னைப் பின்னால் போகச் சொல்கிறார். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குபவர் நின்று வழி விட வேண்டும். இது மரியாதைக்குச் சொல்வது அல்ல, சாலை விதியிலேயே இருக்கிறது. நான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் ஒதுங்கினார். பொம்பளை ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

ஒரு வேடிக்கை: ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். அங்கே மட்டும் கணக்கு தலைகீழ். இறங்குவது ஜாலி, ஏறும்போதுதான் உயிர் போகிறது.

திருப்பாதிரிப்புலியூர்

நேராக 40 வளைவுக்குப் போகாமல் முதலில் கல்வராயன் மலை போய்ப் பழகலாமே? கள்ளக்குறிச்சி, கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, வெள்ளிமலை. காலையில் கிளம்பினால் இரவு வீட்டில். நான் மலையில் ஓட்டக் கற்றது அங்கேதான்.

மஞ்சக்குப்பம், கடலூர்

நல்ல யோசனை. வண்டியின் லட்சணமும் அங்கேயே தெரிந்துவிடும்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: கிளம்பும் நேரத்தை விடுங்கள், பொள்ளாச்சியில் ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் வெளிச்சத்தில் ஏறுங்கள். இறங்கும் நாளில் காலை பத்து மணிக்குள் வால்பாறையை விட்டுவிடுங்கள். அன்றே கடலூர் வந்து மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். அந்த அவசரம்தான் என் காலைப் பிரேக்கிலேயே வைத்தது. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கும் ஆசையும் வேண்டாம். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கேட்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்தே உண்டு. வீட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர், கடலூர் முதுநகர்

அண்ணா, நேற்று வண்டியை விட்டுப் பிரேக் ஆயிலை மாற்றினேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பழையதை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தேன். அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "டிகாஷனை எதுக்குடா இங்க வச்சிருக்கே?" என்கிறார்.